விளக்கேந்தி

தம்பியின் வலது கன்னத்தை மழித்து முடித்து, பெரியவர் இடது கன்னத்துக்குக் கத்தியைக் கொண்டுபோன நேரத்தில் அறைக்கதவு திறந்தது. படுத்திருந்தவன் நுரை முகத்தோடு அந்தப் பக்கம் திரும்பினான்.

“யாரு? கையில என்ன?”

“ஆடாதடா, கீறிடும்.”

“தெர்மாமீட்டரு, ஒரு டம்ளர் தண்ணி, ரெண்டு மாத்திர,” என்றாள் வந்தவள்.

“அப்ப நர்சம்மா. பதிமூணாம் நம்பர் படம், நோய் தீர்க்கும் தேவி. அவ கையில மாத்திரைக்குப் பதிலா மூலிக இருக்கும்.”

“தேவிக்கு ஞாயித்துக்கிழம லீவு உண்டா சார்?”

“எந்தப் படத்துலயும் அவ உக்காந்து நான் பாத்ததில்லம்மா.”

நர்ஸ் சிரித்தாள். பெரியவர் சிரிக்கவில்லை. தம்பிக்குப் பார்வை போய் இரண்டு மாதம் ஆகிறது. சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, இப்போது சிறுநீரகத்தில் கை வைத்திருக்கிறது. நாள் கணக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படி இருக்கிற வீட்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையில் என்ன என்று கேட்டு விடுகதை போடுவது பெரியவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். சவரத்தில்தான் பிடிவாதமாக இருந்தார். அவர்களுடைய அப்பா, செத்துப்போன அன்று காலையில்கூடத் தன் கையால் முகம் மழித்துக்கொண்டவர். அந்த வீட்டு ஆண் எவனும் முள்ளுத்தாடியோடு நாலு பேர் முன்னால் படுத்துக் கிடந்ததில்லை.

பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருடம் பதிவேடு பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் முதுகு வளையாது. தெருவில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். அவர் காதுக்கு அது எட்டாது என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது.

பதினொன்றரை மணிக்கு, சவரம் முடிகிற நேரத்தில், எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார்.

“யாரு? கையில என்ன?”

“டேப்பு சார். சட்டையெல்லாம் தொளதொளன்னு போச்சு, கொஞ்சம் புடிச்சுக் குடுன்னு அண்ணன் சொன்னாரு.”

“நீ தச்சு முடிக்கறதுக்குள்ள நான் இன்னும் இளைச்சிடுவேன்யா. உன்னால என்னை எட்டிப் புடிக்க முடியாது.”

தையல்காரர் மூக்கை உறிஞ்சினார். தோளுக்கு அளவெடுத்தவர் டேப்பில் எண்ணைப் பார்க்காமலே சுருட்டிக்கொண்டு போனார்.

இதெல்லாம் தம்பியின் தொழில் கொடுத்த பழக்கம். ஊருக்கு வெளியே பழைய வழிபாட்டுக்கூடம் ஒன்று இருக்கிறது. அதன் நான்கு சுவரிலும் கூரை வரைக்கும் ஓவியம். தெய்வங்கள், அரசர்கள், படகோட்டிகள், அழுகிற பெண்கள் என்று முன்னூற்றுச் சொச்சம் உருவங்கள். வரைந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே முகத்தைத்தான் போட்டிருந்தார்கள். அதே நீளக்கண், அதே மூடிய வாய். எது யார் என்று கையில் இருப்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். சாவி இருந்தால் வாசல் காப்பவன், மீன் இருந்தால் ஆற்றின் மகள். தம்பி நாற்பது வருடம் ஏணியிலும் சாரத்திலும் நின்று அந்தக் கைகளைப் பார்த்தான். எந்தக் கதையில் எந்தப் பொருள் யார் கையில் வருகிறது என்று பழைய பாட்டுகளில் தேடித் தேடி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான். அதுவே பெரிய புத்தகமாக வந்தது. முதல் பக்கத்தில் அப்பாவின் பெயர் அச்சாகியிருந்தது. வீட்டுக் கூடத்து அலமாரியில் அந்தப் புத்தகத்துக்கு மட்டும் பெரியவர் தனியாகக் கண்ணாடிக் கதவு போட்டு வைத்திருந்தார்.

தையல்காரர் போனபின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தபோது தம்பி கேட்டான்.

“ஜன்னல் பக்கத்துல நிக்கறது யாருண்ணா?”

பெரியவர் திரும்பிப் பார்த்தார். “யாரும் இல்ல. திரைதான் ஆடுது.”

“திரைக்குக் கை இருக்கா?”

“உனக்குத்தான் கண்ணே தெரியாதேடா.”

“எதுவும் தெரியல. அது மட்டும் தெரியுது. காலைலேர்ந்து நிக்குது. கை ரெண்டும் இப்படி இருக்கு.” தம்பி போர்வைக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளை மேலே பார்க்கத் திருப்பி, சேர்த்து வைத்துக் காட்டினான். “ஒண்ணும் வச்சிருக்கல.”

பெரியவர் போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். காற்று நின்றது. திரையும் நின்றது.

“இன்னும் நிக்குதா?”

“விடு. நீ லெட்டர எடுத்துட்டு வா. கை இன்னிக்குக் கொஞ்சம் வருது. கையெழுத்துப் போட்டுடறேன்.”

பெரியவர் இதைத்தான் ஒரு வாரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தின் நடுவில், பதினொரு படங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஓர் உருவம் உண்டு. படத்தின் ஓரத்தில் நிற்கும். அதன் கையில் சின்ன விளக்கு இருந்தது. தம்பி அதற்கு விளக்கேந்தி என்று பெயர் வைத்து, வழிகாட்டும் தெய்வம் என்று எழுதினான். ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. அந்த வழிபாட்டுக்கூடத்தைப் பராமரிக்கிற அருங்காட்சியகத்தின் சின்னமே விளக்கேந்தியாயிற்று. கடிதத் தாளில், நுழைவுச்சீட்டில், வாசல் வளைவில் எல்லாம் அதுதான்.

அப்புறம் ஓவியங்களைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வேலைக்கு வந்தாள். அருங்காட்சியகத்தில் அவளைச் சுத்தக்காரம்மா என்பார்கள். அவள் பஞ்சும் மருந்துமாக நான்கு மாதம் புகைக்கரியை எடுத்தாள். கரி போனதும் ஒரு படத்தில் விளக்கும் உரிந்து வந்துவிட்டது. உள்ளே வெறும் கைகள். விளக்கு பிற்காலத்தில் யாரோ வரைந்து வைத்தது, இது விளக்கேந்தியே இல்லை என்றாள் அவள். பழைய விளக்கை இவளே தேய்த்து அழித்துவிட்டு மழுப்புகிறாள் என்று தம்பி மேலிடத்துக்கு எழுதினான். அவன் சொல்லுக்கு இருந்த எடையில் அவள் வேலை போயிற்று. இப்போது கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போட்டுப் பிழைக்கிறாள்.

அதற்கு ஆறு வருடம் கழித்து யாரோ ஒரு புகைப்படக்காரர் வீட்டுப் பரணிலிருந்து பழைய கண்ணாடித் தகடுகள் ஒரு பெட்டி அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதே சுவரை அந்தக் காலத்தில் எடுத்த படங்கள். எதிலும் விளக்கு இல்லை. பதினொன்றிலும் வெறுங்கைகள்.

அன்று சாயங்காலம் தம்பி வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தான். அவள் சொன்னதுதான் சரி, எழுதிவிடுகிறேன் என்றான். அப்பா பெயர் போட்ட புத்தகம், அதற்கு அடியில் இதெல்லாம் தப்பு என்று எழுதப் போகிறாயா என்று பெரியவர் கேட்டார். அச்சில் ஏறியது ஏறியதுதான் என்றார். தம்பி அண்ணன் பேச்சைத் தட்டியவனல்ல. இருபத்திரண்டு வருடம் தட்டவில்லை.

“உன் மக டைப் பண்ணின லெட்டர் எனக்கு வேண்டாம்,” என்றார் பெரியவர் இப்போது. “நீ படுக்கையில இருக்க. மருந்து மயக்கத்துல எழுதினான்னு சொல்லுவாங்க.”

“உண்மையத்தாண்ணா எழுதியிருக்கேன்.”

“உண்மை இருக்கட்டும். நாளைக்கு நீ போனப்புறம் தெருவுல தல நிமிந்து நடக்கப்போறது நான்.”

“அந்த அம்மா இருபத்தெட்டு வருஷமாக் குனிஞ்சு நடக்குது.”

பெரியவர் கிண்ணத்தில் கத்தியை அலசினார். ஒரு தடவைக்கு மூன்று தடவை அலசினார்.

“அது யாருன்னு கேளேன்,” என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. “கை ஏன் காலியா இருக்குன்னு கேளு. பதினொரு படமும் வரிசையாப் பாத்தா ஒண்ணு புரியும். ஒரு படத்துல அது வந்து நிக்கும். அடுத்த படத்துல ஒரு ஆள் குறையும். விருந்துல ஒன்பது பேரு, அடுத்ததுல எட்டு. படகுல ஏழு, கரையில ஆறு. நாற்பது வருஷம் கையவே பாத்தேன், தலைய எண்ணல. வாங்கிட்டுப் போக வந்தவங்க கை காலியாத்தானேண்ணா இருக்கும்?”

“சரி, பேசாத. மூச்சு வாங்குது பாரு.”

“பயந்து போன யாரோ அது கையில விளக்கக் கொடுத்து வச்சிருக்காங்க. கை நெறஞ்சிருந்தா எதையும் எடுக்காதுன்னு.” அவன் சிரிக்கப் பார்த்தான், இருமலாயிற்று. “போ. எடுத்துட்டு வா. மேஜ டிராயர்ல இருக்கு.”

பெரியவர் கூடத்துக்குப் போனார். நர்ஸ் தம்பியின் அறை வாசலை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி மகள் கடைக்குப் போயிருந்தாள். பன்னிரண்டு மணி வெயில் தரையில் விழுந்து கிடந்தது.

டிராயர் இறுகியிருந்தது. இழுத்துத் திறந்து கடிதத்தை எடுத்துப் படித்தார். ஒரு பக்கம்தான், அருங்காட்சியகத்துக்கு. எந்தப் பெட்டியில் எந்தத் தகடு என்று எண் போட்டிருந்தது. அது வழிகாட்டும் தெய்வமல்ல, ஆளை எடுத்துப்போக வருவது என்று இருந்தது. அந்த அம்மாளின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று இருந்தது. தன் பெயர் எங்கே வருகிறது என்று அவர் தேடினார். வரவில்லை. ‘இருபத்திரண்டு ஆண்டுகள் இதை மறைத்தது என்னுடைய கோழைத்தனம்’ என்று மட்டும் எழுதியிருந்தான்.

அவனுடைய கோழைத்தனமாம்.

எதிரே கண்ணாடிக் கதவுக்குள் புத்தகம் நிமிர்ந்து நின்றது. கடிதத்தை டிராயரில் வைத்து, மேலே ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடினார். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். சாயங்காலம் மறந்துவிடுவான். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாதவர், அந்த ஒரு சொல்லை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போய்க் கதவைத் தள்ளினார்.

“யாரு?”

சொல் இன்னும் நாக்குக்கு வரவில்லை.

“கையில என்ன?”

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

தம்பி காத்திருந்தான். மழித்த முகம் வழுவழுவென்று, சின்ன வயதில் பார்த்த முகம் மாதிரி இருந்தது. அந்த முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அடங்கியது.

“ஒண்ணும் இல்லையா?” என்றான். பிறகு, யாரோ பெரிய மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டது போல, மரியாதையாக, “கொஞ்சம் இருங்க,” என்றான். “எங்க அண்ணன் ஒரு லெட்டர் எடுக்கப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்.”

நான்தான்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பி கழுத்தைக் கொஞ்சம் தூக்கி, அவரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்து, “அண்ணா,” என்று கூப்பிட்டான்.

பெரியவர் திரும்பி ஓடினார். எழுபத்தெட்டு வயதில் அந்த வீட்டுக்குள் ஓடினார். டிராயரை இழுத்த வேகத்தில் அது கழன்று கீழே விழுந்தது. கடிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தபோது, “இதோடா, நான்தான், லெட்டர்,” என்று குரலும் வந்துவிட்டது.

தம்பியின் வலது கை பேனாவுக்காக விரல் குவித்தபடி போர்வை மேல் இருந்தது. பேனாவை வைத்தார். அது உருண்டு தரையில் விழுந்தது.

*

மகள் வந்து, அழுது, டாக்டர் வந்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு வீடு அடங்கியது.

“கடைசியா என்ன சொன்னாரு பெரியப்பா?” என்று கேட்டாள் மகள்.

“ஒண்ணும் சொல்லலம்மா.”

நர்ஸ் மருந்துப் பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். “இல்லீங்க, பேசினாரே,” என்றாள். “கொஞ்சம் இருங்கன்னு ரெண்டு தடவ சொன்னாரு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

“ஒரு தடவ,” என்றார் பெரியவர்.

“ரெண்டு தடவ சார். மொத தடவ சொன்னப்ப நீங்க இங்க என் முன்னாடி லெட்டர் படிச்சிட்டிருந்தீங்க. யாரோ பாக்க வந்திருக்காங்க போலன்னு நெனச்சேன்.” அவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ யோசித்தாள். “ஆனா ரூம் வாசல்ல நான்தானே உக்காந்திருந்தேன்.”

பெரியவர் தம்பியின் அறைக்குப் போய்ச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்து வைத்தார். பிறகு அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டார். தம்பி பக்கத்தில் மகளை உட்காரச் சொன்னார். ஒருவர் மாற்றி ஒருவர் யாராவது அறையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

*

காலை ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. கூடத்தில் போட்ட கட்டிலில் தம்பி புதுச் சட்டையோடு கிடந்தான். தையல்காரர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தைத்திருந்தார். சட்டை கச்சிதமாக இருந்தது. வந்தவர்கள் பூவோடு வந்தார்கள், வைத்தார்கள், தள்ளி நின்றார்கள். பெரியவர் தலைமாட்டில் நின்றார். துக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே அளவாகத் தலையசைத்தார். யாருக்கும் தெரியாமல் ஒவ்வொருவர் கையையும் பார்த்தார்.

அருங்காட்சியக இயக்குநர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். நடுவில் வட்டமான அட்டையில் விளக்கேந்தி, தங்க நிறத்தில்.

“ரெண்டு வார்த்தை பேசிடறேன்யா,” என்றார் அவர் பெரியவரிடம். “விளக்கேந்தியப் பத்தித்தான். அவரு கண்டுபிடிச்ச தெய்வமே அவருக்கு வழிகாட்டிக் கூட்டிட்டுப் போகுதுன்னு முடிக்கறேன். நல்லாருக்கும்ல?”

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் அவர் காதருகே வந்தார்.

“கேட்டுக்கு வெளிய ஒரு அம்மா நிக்குது. கால் மணி நேரமாச்சு. உள்ளயும் வரல, போகவும் இல்ல. சாவு வீட்டுக்கு ஒரு பூவாவது எடுத்துட்டு வர வேண்டாமா? வெறுங்கையோட நிக்குது.”

பெரியவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மகள் குனிந்துகொண்டே, “நான்தான் போன் பண்ணினேன் பெரியப்பா. கோவிச்சுக்காதீங்க,” என்றாள்.

அவர் வாசலுக்கு நடந்தார். கூட்டம் வழிவிட்டது. ஸ்கேல் இப்போது அந்த அம்மாவை என்ன சொல்லித் துரத்தப் போகிறார் என்று பார்க்க நாலைந்து பேர் கழுத்தை நீட்டினார்கள். இயக்குநரும் மலர்வளையத்தை வைக்க இடம் கிடைக்காமல் அதைத் தூக்கிக்கொண்டே பின்னால் வந்தார்.

சுத்தக்காரம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். விரல் நுனிகளில் வார்னிஷ் கறை.

“உள்ள வரலாமா வேண்டாமான்னு தெரியல,” என்றாள். “அவரப் பாத்துட்டுப் போயிடறேன். ஒண்ணும் பேச மாட்டேன்.”

பெரியவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிப் பிரித்து, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, முகத்தைச் சுளித்தாள்.

“கண்ணாடி எடுத்துட்டு வரல.”

அவர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டு படித்தாள். தெரு, கேட், வண்டி, எல்லாம் அவருக்குக் கலங்கிய தண்ணீருக்குள் இருப்பது போல் ஆயின. அவள் படித்து முடித்தது, மூச்சு விட்ட சத்தத்தில்தான் தெரிந்தது.

“கையெழுத்து இல்லையே,” என்றாள் மெதுவாக.

“இல்ல.”

“போட முடியலையா?”

“அவன் போடறதுக்குத் தயாராத்தான் இருந்தான். எடுத்துட்டு வான்னு என்கிட்ட சொன்னான்.” பெரியவர் நிறுத்தினார். “நான் எடுத்துட்டுப் போகல.”

அவள் தாளை அவரிடமே நீட்டினாள்.

முப்பத்தைந்து வருடம் நீதிமன்றத்தில் தாள் புரட்டியவருக்குத் தெரியும், கையெழுத்தில்லாத தாள் வெறும் தாள். அவர் திரும்பி, இயக்குநர் இருக்கிற பக்கம் கையை நீட்டினார்.

“பேனா இருக்கா?”

இயக்குநர் மலர்வளையத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைப்பேனாவை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் தாளைக் கேட் தூணின் மேல் வைத்து, தட்டச்சு முடிந்த இடத்துக்குக் கீழே, தடவித் தடவி எழுதினார். பார்வை இல்லாமல் எழுத்து சரிந்து போயிற்று. எழுதியதை உரக்கவும் படித்தார், நீதிமன்றத்தில் படிப்பது போல, கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி:

“மேலே கண்டது அனைத்தும் உண்மை. இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்கும் தெரியும். வெளியில் சொல்லவிடாமல் தடுத்தவன் நான். சாட்சி, உடன்பிறந்த அண்ணன்.”

கையெழுத்துப் போட்டார்.

இயக்குநர் பெரியவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டி, மேலே உள்ளதைப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“அப்ப இது விளக்கேந்தி இல்லையா? வாசல் வளைவுல இதத்தானேயா வச்சிருக்கோம். தெனம் எத்தன பேரு அதுக்கடியில போறாங்க, வர்றாங்க...” அவர் கக்கத்திலிருந்த மலர்வளையத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அதைத் தன் உடம்பிலிருந்து கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பெரியவர் கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை. முதுகில் அத்தனை கண்களும் இருப்பது தெரிந்தது.

டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தான். “பெரியப்பா, எடுக்கணுமாம்,” என்று உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள்.

அவர் தாளை மடிக்கப் போனார். அந்த அம்மாள் அவர் கையைத் தடுத்தாள்.

“மடிச்சா ஒட்டிக்கும். மை காயட்டும்.”

தாளை வாங்கி, இரண்டு உள்ளங்கைகளிலும் விரித்து ஏந்தி, வெயில் படுகிற பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். இரண்டாவது ஹாரனும் அடித்தது. இருவரும் காயட்டும் என்று நின்றார்கள்.